உட்காரச் சொல்லத் தெரிந்தவர்

(மலேசியாவின் கேமரன் மலையில் உள்ள திரிங்காப்பில் சமூகப் பணியாளர்கள், ஆசிரியர்கள், ஆலயப் பொறுப்பாளர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காய்கறி லோரிகள் கீழே இறங்குகிற நேரம் இது. வளைவில் கியர் மாற்றும் சத்தம் வந்தால் நான் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன். அந்த இடைவெளியில் நீங்கள் தாராளமாக இருமிக்கொள்ளலாம். இந்த மலைக் குளிரில் ஒரு மணி நேரம் இருமாமல் உட்காருவது யாராலும் ஆகாத காரியம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, சமூக நலப் பணியில் இருக்கும் ஊழியர்களுக்குத் துணையாக இருக்க மேற்பார்வையாளர்களைப் பயிற்றுவிப்பது. நேற்று இதை அம்மாவிடம் சொன்னேன். அவர் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். "மண்டோருக்கு டிரெய்னிங்கா? அவனுக்கு கத்தத்தானே தெரியும். அதுக்குக்கூட வகுப்பு வெச்சிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அந்தச் சிரிப்பிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குள் நூறு வருஷத்துக் கதை இருக்கிறது.

'மேலே ஒருவர்' என்றால் எப்படி இருப்பார் என்பதை நமக்குக் கற்றுக்கொடுத்தது தோட்டம். இந்த மலையில் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929 இல். அதற்கு முன்பே சமவெளி ரப்பர் தோட்டங்களில் கங்காணி முறை வேரூன்றியிருந்தது. கண்காணி என்ற சொல்தான் பேச்சில் கங்காணியாகி, இலங்கைக்கும் மலாயாவுக்கும் கப்பலேறியது. கங்காணி சொந்த ஊருக்குப் போய் ஆள் சேர்ப்பார். சேர்த்த ஆளை வேலையில் நிறுத்துவார். காலைப் பிரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், இத்தனை தலை நின்றது என்ற கணக்குக்கு அவருக்குத் தலைக்காசு. 1938 இல் இந்திய அரசு இங்கே ஆள் அனுப்புவதை நிறுத்தியதோடு அந்த ஆள்சேர்ப்பு ஓய்ந்தது. தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் அதற்குப் பிறகும் இருந்தார்.

கங்காணியைக் கொடியவனாக்கிவிட்டுக் கடந்துபோவது சுலபம். நம் மேடை நாடகங்கள் அதைக் குறைவில்லாமல் செய்துவிட்டன. என் தாத்தா சொன்ன கங்காணி வேறு மாதிரி. கல்யாணத்துக்கு முன்பணம் கொடுத்தவர் அவர். பிரசவத்துக்குத் தோட்ட ஆஸ்பத்திரி டிரஸ்ஸரை எழுப்பப் போனவர் அவர். சாவுக்கு மூங்கில் வெட்ட ஆள் அனுப்பியவரும் அவர். ஆனாலும் ஒரு பெண் காய்ச்சலில் படுத்தால் அன்றைக்கு அவருக்கு ஒரு தலை குறைவு, ஒரு காசு குறைவு. எவ்வளவு நல்ல மனிதரானாலும், காலையில் லயத்துக் கதவைத் தட்டும்போது அந்தக் காசு அவருக்குப் பின்னால் நிற்கும். ஒருவர் நல்லவரா கெட்டவரா என்று பார்ப்பதைவிட, அவரிடம் எதை எண்ணச் சொல்லியிருக்கிறோம் என்று பார்ப்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. இன்று நான் சொல்ல வந்ததெல்லாம் இதைச் சுற்றித்தான்.

இன்றைய சமூகப் பணி அலுவலகத்துக்குள் போய்ப் பாருங்கள். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை, அதில் பெயர்கள். பெயருக்கு நேரே இந்த மாதம் எத்தனை வீடு, எத்தனை பாரம், எத்தனை கேஸ் மூடியது. கீழே சிவப்பு மையில் ஒரு மொத்தம். பிரட்டு நடந்த முற்றம் சுவருக்கு ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

நம் நாட்டில் சமூக நல இலாகா 1946 இல் தொடங்கியது. ஆனால் வீட்டு வாசலுக்கே நடந்துபோகிற சேவைக்கு எடுத்துக்காட்டு கேட்டால் நான் பி.டி.கே.யைத்தான் காட்டுவேன். 1984 இல் திரெங்கானு மாநிலத்தின் பத்து ராக்கிட்டில் சோதனையாகத் தொடங்கிய சமூக மறுவாழ்வுத் திட்டம் அது. மாற்றுத்திறன் பிள்ளையை எங்கோ தூரத்து இல்லத்தில் கொண்டுபோய் விடவேண்டாம், ஊரிலேயே வைத்து ஊர்ப் பெண்களே பயிற்சி கொடுக்கட்டும் என்ற யோசனை. இன்று நாடு முழுக்க 500-க்கு மேற்பட்ட மையங்கள் நடக்கின்றன. அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு அரசு ஊழியர் பதவி கிடையாது, அலவன்ஸ்தான். அவர்களில் பலர் தாங்களே அப்படி ஒரு பிள்ளையைப் பெற்றவர்கள். மையத்தை நடத்தும் மேற்பார்வையாளரும் பெரும்பாலும் அந்த வரிசையிலிருந்தே வருகிறார். நன்றாக வேலை செய்தார், கூட்டத்தில் பேசத் தெரியும், மலாயில் அறிக்கை எழுதத் தெரியும், சரி, நாளையிலிருந்து நீங்கள் மேற்பார்வையாளர். சாவியைக் கொடுத்துவிடுவார்கள்.

தோட்டத்திலும் இதேதான் நடந்தது. நன்றாகக் கொழுந்து எடுப்பவரை ஒருநாள் கூடையை இறக்கி வைக்கச் சொல்லி மண்டோராக்கிவிடுவார்கள். கொழுந்து எடுக்கத் தெரிந்ததற்கும் பத்துப் பேரை வைத்து வேலை வாங்கத் தெரிந்ததற்கும் சம்பந்தமே இல்லை. தன்னை மேய்த்தவர் எப்படி மேய்த்தாரோ அப்படியே அவரும் மேய்ப்பார். அவருக்கு வேறு எங்கே கற்றுக்கொடுத்தார்கள்?

எனக்கும் அப்படித்தான் சாவி கிடைத்தது. எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. இப்போது சொல்லப்போவதில் தவறு என்னுடையது.

நான் மேற்பார்வையாளராகி எட்டாவது மாதம். என் கீழே ஆறு பெண்கள். ஒருத்தி மிகவும் கெட்டிக்காரி, மழையென்றும் பார்க்காமல் மேட்டுக் குடியிருப்புகளுக்கு ஏறிப்போய் வருவாள். ஒரு திங்கள்கிழமை காலை அலுவலகத்துக்கு வந்தாள். குடையை மடக்கினாள், ஆனால் வாசலில் வைக்கவில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் வட்டமாகத் தேங்கியது. நான் அந்தத் தண்ணீரைப் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவள் முகத்தைப் பார்த்தது ஞாபகம் இல்லை. வழக்கமாக அவள் போகும் வீடுகளில் ஒன்றில், ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றிருந்தார். பிழைத்துவிட்டார். "அக்கா, ரெண்டு நாளைக்கு முன்னாடிதான் போனேன். அவரு கையால தேத்தண்ணி போட்டுக் குடுத்தாரு" என்றாள். பிறகு, "போலீசுக்குத் தெரியக் கூடாதுன்னு அவரு பொண்டாட்டி என் கையப் பிடிச்சிக்கிட்டா" என்றாள்.

இந்த இடத்தில் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு நம் நாட்டில் தற்கொலை முயற்சி குற்றம். தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு. பிழைத்தவர் மேலேயே வழக்கு வரலாம். 2023 இல்தான் அந்தப் பிரிவை நாடாளுமன்றம் நீக்கியது. ஆக, அன்று அந்த ஊழியரின் நெஞ்சில் மூன்று பாரம். நாம் கவனிக்கத் தவறிவிட்டோமோ என்ற குற்ற உணர்வு ஒன்று. ஒரு மனைவிக்குக் கொடுத்த வாக்கு ஒன்று. அலுவலகத்திடம் மறைத்தால் வேலை போகுமோ என்ற பயம் ஒன்று. இந்த மூன்றையும் தூக்கிக்கொண்டுதான் என் மேசைக்கு முன்னால் நின்றாள்.

நான் கேட்டது, "போன விசிட் பாரம் எழுதியாச்சா?"

எழுதியிருந்தாள். அழகாக, கோடு தவறாமல். எடுத்துக் கொடுத்தாள். மூன்று வாரத்தில் வேலையை விட்டுவிட்டாள். வெளியேறும் காரணத்துக்கு இருந்த கட்டத்தில் 'குடும்பச் சூழல்' என்று எழுதியிருந்தாள். நானும் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

வருஷங்கள் கழித்துத் தானா ராத்தா பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு பேரப்பிள்ளை. மன்னிப்புக் கேட்கலாம் என்று ஆரம்பித்தேன். அவள் தடுத்துவிட்டாள். "அந்தப் பாரத்தக் கேட்டதுக்கு எனக்குக் கோவமே இல்லலா அக்கா. அது உங்க வேல. என்னை உக்காரச் சொல்லல பாருங்க, அதான்" என்றாள்.

அதன் பிறகு நான் படித்த புத்தகங்கள் எதுவும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

புத்தகங்களும் வேண்டியவைதாம். அமெரிக்காவில் ஆல்ஃபிரட் கடூஷின் 1976 இல் சமூகப் பணி மேற்பார்வை பற்றி ஒரு நூல் எழுதினார். அந்தத் துறைக்கு வருகிறவர்கள் பலர் இன்றும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். மேற்பார்வையாளருக்கு மூன்று வேலை என்கிறார். ஒன்று நிர்வாகம், பணி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது. இரண்டாவது கற்பித்தல். மூன்றாவது ஆதரவு, அதாவது ஊழியர் அந்த வேலையைத் தாங்கி நிற்க உதவுவது. நம் அலுவலகங்களில் முதல் வேலையே மற்ற இரண்டையும் தின்றுவிடுகிறது. கற்பித்தல் என்பது ஆண்டுக்கொருமுறை ஹோட்டலில் நடக்கும் பட்டறையாகிவிட்டது. ஆதரவு இருக்கிறதே, அது 'ஊழியர் நலத் தினம்'. காலையில் யோகா, மதியம் நாசி லெமாக், மாலையில் கேக்கு வெட்டி, 'மனதை மகிழ்ச்சியாக வைத்திரு' என்று அச்சடித்த குவளை ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். என் வீட்டு அலமாரியில் அப்படி நான்கு குவளைகள் இருக்கின்றன. ஒன்றில் கொத்தமல்லி வளர்க்கிறேன்.

ஆதரவு என்பது மனசு நல்லவர்களுக்குத் தானாக வருவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது. அது ஒரு தொழில்நுட்பம், அதற்குக் கைப்பழக்கம் வேண்டும். ரெண்டு இலை ஒரு மொட்டு என்று வாயால் சொல்லிவிடலாம். பார்க்காமலே விரல் அதை ஒடிக்க எத்தனை மாதம் ஆகும் என்று என் அம்மாவைக் கேளுங்கள்.

நான் நடத்தும் பயிற்சியில் முதல் நாள் காலை ஒரு வேலை கொடுப்பேன். இருவர் இருவராக உட்கார வேண்டும். ஒருவர் தன் வேலையில் நடந்த, தூக்கத்தைக் கெடுத்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர் ஐந்து நிமிடம் கேட்க வேண்டும். பேசக் கூடாது, எழுதக் கூடாது, தலையாட்டலாம். இவ்வளவுதானா என்று முதலில் சிரிப்பார்கள். போனமுறை ஒருவர், முன்பு பள்ளியில் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர், நல்ல மனிதர். நாற்பதாவது வினாடியில் பேனா மூடியை டக் டக்கென்று தட்ட ஆரம்பித்தார். ஒரு நிமிடம் ஆவதற்குள் "ஒன்னும் கவலப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டார். எதிரே இருந்த பெண் அதோடு நிறுத்திக்கொண்டார். அவர் சொல்ல வந்த விஷயத்தின் வாசலைக்கூட எட்டவில்லை. மீதி நான்கு நிமிடமும் இருவரும் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

'கவலைப்படாதே' என்பது பெரும்பாலும் கேட்பவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்வது. அன்று பிற்பகல் அவரே எழுந்து, "எனக்குப் பயம் வந்திருச்சு, இவங்க அழுதிருவாங்களோன்னு" என்று ஒப்புக்கொண்டார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே மூன்று நாள் பயிற்சி வைக்கலாம்.

இரண்டாவது வேலை, 'ஏன்' என்ற சொல்லைப் பிடுங்கிவிடுவது. ஏன் போகல, ஏன் சொல்லல, ஏன் லேட்டு. நம் தமிழில் மேலே இருப்பவர் 'ஏன்' என்றாலே அது குற்றப்பத்திரிகை. கேட்கப்பட்டவர் உடனே காரணம் தயாரிக்க ஆரம்பித்துவிடுவார், நடந்தது வெளியே வராது. 'அங்க போனப்ப என்ன ஆச்சு?' என்று கேட்டுப் பாருங்கள். 'கதவு திறந்துச்சா? யார் திறந்தா? அப்புறம்?' என்று கேளுங்கள். ஊழியர் அந்த வீட்டுக்குள் திரும்பப் போவார். போகும்போது தான் கவனிக்காததைத் தானே கவனிப்பார். அடுப்பு பற்றவைக்கவே இல்லை என்பார். பெரிய மகளின் செருப்பைக் காணோம் என்பார்.

ஆதரவு என்றால் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருப்பது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தவறைத் தவறு என்று சொல்லவும் அதே கைப்பழக்கம் வேண்டும். ஓர் ஊழியர் ஒரு குழந்தையின் பிறப்புச் சூராவை, அதாவது பிறப்புச் சான்றிதழை, இரண்டு மாதம் தன் கைப்பையிலேயே வைத்திருந்தார். அப்பா குடித்துவிட்டு வந்தால் கிழித்துவிடுவார் என்று அம்மா பயந்து இவரிடம் கொடுத்திருக்கிறார். சூரா இல்லாவிட்டால் என்னாகும் என்பது இந்த அவைக்குத் தெரியும். பள்ளிச் சேர்க்கையிலிருந்து அடையாளக் கார்டு வரை எல்லாக் கதவும் அந்த ஒரு தாளில்தான் தொங்குகிறது. குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐ.சி.யோடே காலத்தை ஓட்டிய தாத்தா பாட்டிகள் நம் தோட்டங்களில் எத்தனை பேர்! அந்த ஊழியர் செய்தது அன்பினால். ஆனால் அவர் பஸ்ஸில் பையைத் தவறவிட்டிருந்தால்?

அவருடைய மேற்பார்வையாளர், நான் பயிற்றுவித்த பெண், என்ன செய்தார் தெரியுமா? மற்றவர்கள் முன்னால் கேட்கவில்லை. கதவைச் சாத்தி உட்காரவைத்தார். "அந்தம்மா உங்கள நம்பிக் குடுத்திருக்காங்க, அது பெரிய விஷயம்" என்றார். அப்புறம், "இது உங்க பையில இருக்கக் கூடாது. இன்னைக்கே இங்க அலமாரியில வெச்சிப் பூட்டுறோம். அந்தம்மாவுக்கு எழுதிக் குடுக்குறோம். நானும் கூட வர்றேன்" என்றார். மறுநாள் இருவரும் சேர்ந்தே போனார்கள். வீட்டுக்குள் மேற்பார்வையாளர் ஒரு ஓரமாக உட்கார்ந்தார், பேச்சை ஊழியரிடமே விட்டுவிட்டார். வீட்டுக்காரர்கள் கண்ணில் ஊழியரின் மதிப்பு குறையவில்லை, தவறும் திருத்தப்பட்டது. இதெல்லாம் வெள்ளைப் பலகையில் ஏறாத வேலை.

இப்படி உட்கார நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு தமிழ்நாட்டுக் கணக்கு சொல்கிறேன்.

1980 இல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. முதலில் இறங்கிப் பார்த்த இடம் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி வட்டாரம். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போடுவார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் கூடுதல் உணவு, தேறியதும் நிறுத்தம். வேலை செய்தவர்கள் அந்தந்தக் கிராமத்துப் பெண்கள். பத்துப் பெண்களுக்கு ஒருவர் என்கிற அளவில் மேற்பார்வையாளர் வைத்தார்கள் என்பதுதான் என் கண்ணில் படுகிற விஷயம். அங்கன்வாடியில் இருபது, இருபத்தைந்து மையங்களுக்கு ஒருவர் அலைந்துகொண்டிருந்த காலம் அது. இருபத்தைந்து மையம் என்றால் போவதற்கும் வருவதற்கும் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கும்தான் காலம் இருக்கும். பத்து என்றால், தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அழுகிற குழந்தையை எப்படித் தொட்டிலில் வைப்பது என்று காட்டலாம், எடை இறங்கிய குழந்தையின் வீட்டுக்கு ஊழியரோடு சேர்ந்து நடக்கலாம். ஆதரவு கேட்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது இந்த எண்ணிக்கையைத்தான். முப்பது பேரைக் கொடுத்துவிட்டு அன்பாக இரு என்று சொல்வது மேற்பார்வையாளருக்குச் செய்யும் கொடுமை.

மகாராஷ்டிராவில் ஜாம்கேட் என்ற ஊரில் ஆரோலே என்ற மருத்துவத் தம்பதி 1970 இல் தொடங்கிய கிராம சுகாதாரத் திட்டத்தில் இன்னொரு வழி கண்டார்கள். எழுத்தறியாத கிராமப் பெண்களை சுகாதாரப் பணியாளராக்கினார்கள். அவர்கள் கிழமைக்கு ஒருமுறை ஜாம்கேட்டுக்கு வந்து தங்கி, அந்த வாரம் கண்டதைப் பேசி, புதிதாகக் கற்றுக்கொண்டு போவார்கள். சாதி பார்த்த பெண்கள் ஒரே இடத்தில் சாப்பிட்டு, ஒரே இடத்தில் படுத்தார்கள். அங்கே பயிற்சி வேறாகவும் ஆதரவு வேறாகவும் இல்லை, இரண்டும் ஒரே இரவில் நடந்தன.

இந்த மலைக்கு வருகிறேன். சமவெளியில் எழுதிய பயிற்சிப் புத்தகம் இங்கே முழுசாகப் பொருந்தாது. ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரை ஒரே சாலை. சனி ஞாயிறு வந்தால் ஸ்ட்ராபெரி பார்க்க வரும் கார்கள் அந்தச் சாலையையும் அடைத்துக்கொள்ளும். அவசரமாக ஒருவரைத் தானா ராத்தா மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றாலே பெரும்பாடு. அங்கே முடியாது என்றால் ஈப்போ. மனநலம் என்று வாயெடுத்தால் நம் ஆட்கள் உடனே "தஞ்சோங் ரம்புத்தானுக்கா?" என்பார்கள். 1911 இல் அங்கே மனநல மருத்துவமனை திறந்தார்கள், அந்த ஊரின் பெயரே நம் பேச்சில் வசைச்சொல்லாகிவிட்டது. ஊழியர் ஒரு வீட்டில் இந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு வந்தால், அதற்கு என்ன பதில் சொல்வது என்று அவரோடு சேர்ந்து யோசிக்க ஒருவர் வேண்டும்.

ஊர் சிறிது என்பதும் இங்கே ஒரு சிக்கல். நகரத்தில் ஊழியர் யாரோ ஒருவர். இங்கே அவர் யாருக்கோ நாத்தனார், யாருக்கோ சின்னம்மா மகள். அடி வாங்கிய பெண் வீட்டுக்குப் போனால், அடித்தவன் சொந்த மாமன் பிள்ளையாக இருக்கிறான். குழந்தைக்குத் தீங்கு நடந்தால் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2001 குழந்தைகள் சட்டம் சிலர் மேல் கடமை வைத்திருக்கிறது. சட்டப்படி தெரிவித்துவிட்டு, அடுத்த வாரம் திருவிழாவில் அதே குடும்பத்துக்குப் பக்கத்தில் நின்று தீபாராதனை பார்க்க வேண்டும். யார் சொன்னது என்று ஊரே கேட்கும். அந்த நாட்களில் ஊழியர் தனியாக நிற்கக் கூடாது. "அது அலுவலகத்தின் முடிவு, நான் கையெழுத்துப் போட்டது" என்று முன்னால் வந்து நிற்கிறவர்தான் மேற்பார்வையாளர். பேருக்கு மேலே இருப்பவருக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசத்தை ஊழியர்கள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

2013 அக்டோபர் 23 அதிகாலையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சுல்தான் அபூபக்கார் அணையிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கு மூழ்கி, உயிர்கள் போன நேரம். 2021 ஜூலையில், தொற்றுநோய் முடக்கத்தின்போது, பசித்தவர்கள் வீட்டுக்கு முன்னால் வெள்ளைக் கொடி கட்டினார்கள், அதையும் மறந்திருக்க முடியாது. இரண்டிலும் அரிசி மூட்டை தூக்கியவர்களைப் படம் எடுத்தோம், மாலை போட்டோம். மூட்டையை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போன பிறகு அவர்கள் தூங்கினார்களா என்று கேட்டவர்கள் குறைவு. பாராட்டு விழாவுக்கு மண்டபம் கிடைத்த அளவுக்கு, அதற்கு ஓர் அறை கிடைக்கவில்லை.

மேற்பார்வையாளருக்கு யார் ஆதரவு என்ற கேள்வியும் இருக்கிறது. ஆறு பேர் பாரத்தையும் அவர் வாங்கிக்கொண்டால், எங்கே இறக்குவார்? கோவாவில் சங்கத் என்ற அமைப்பு பட்டம் இல்லாத சாதாரண ஆட்களுக்கு மனநல ஆலோசனை சொல்லப் பயிற்சி கொடுத்தது. ஆரம்பத்தில் நிபுணர்கள் அவர்களை மேற்பார்வை செய்தார்கள். பிறகு அவர்களே வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் நடத்திய உரையாடலின் ஒலிப்பதிவைச் சேர்ந்து கேட்டு, ஓர் அளவுகோல் வைத்து மதிப்பிட்டுக்கொண்டார்கள். நாளடைவில் அவர்கள் போட்ட மதிப்பெண் நிபுணர்கள் போட்டதோடு நெருங்கி வந்தது. நிபுணரை மலையேற்றிக் கொண்டுவர நமக்கு வசதி இல்லை என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நிபுணர் மாதம் ஒருமுறை வந்தால் போதும், மீதி மூன்று கிழமையும் நாமே செய்துகொள்ளலாம்.

இதைச் சொன்னபோதும் அம்மா சிரித்தார். ஆனால் வேறு சிரிப்பு. கொழுந்து எடுக்கும் வரிசையில் புதுப்பெண் பின்தங்கினால் பக்கத்து வரிசைப் பெரியம்மா என்ன செய்வார் என்று சொன்னார். தன் வரிசையை முடித்துவிட்டு மேலே போய் உட்காரமாட்டாராம். மறுமுனையிலிருந்து அந்தப் பெண்ணின் வரிசையில் இறங்கி எடுத்துக்கொண்டே வருவாராம். இருவரும் நடுவில் சந்திப்பார்கள். அப்போது பெரியம்மா புதியவளின் விரலைப் பிடித்து, "நகத்தால கிள்ளாத, நுனி விரலால ஒடி" என்று காட்டுவாராம். மண்டோர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பாராம். அந்தப் பெரியம்மாவுக்கு யாரும் தலைக்காசு கொடுக்கவில்லை. நம் திட்டங்களில் அவருக்கு நேரம் ஒதுக்கி, படி கொடுத்து, பயிற்சியும் கொடுக்க வேண்டும். மேற்பார்வையாளர் பயிற்சி என்று நான் கேட்பது இதைத்தான்.

சமூகப் பணியைச் சட்டம் போட்டு ஒரு தொழிலாக அங்கீகரிக்க வேண்டும் என்ற பேச்சு நம் நாட்டில் பல வருஷமாக நடந்துவந்திருக்கிறது. பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகம் 1975 இலேயே சமூகப் பணிப் படிப்பைத் தொடங்கிவிட்டது. சட்டத்தின் வேலையைச் சட்டம் பார்க்கட்டும். திரிங்காப்பில் நாம் அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அவைத் தலைவரிடம் கூட்டத்துக்கு முன்பே ஒன்று கேட்டுவைத்தேன். இந்த மண்டபத்துக்குப் பின்னால் நாற்காலி அடுக்கும் அறை இருக்கிறது. கிழமைக்கு ஒரு பிற்பகல், வியாழன் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை, அதை விட்டுத் தரச் சம்மதித்திருக்கிறார். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, அதைப் போட்டுத் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். இது முக்கியம், அறைக்குள் பேசுவது அறைக்குள்ளேயே நிற்க வேண்டும். சாவி பூசாரி வீட்டில் இருக்குமாம். பிரிஞ்சாங், கோலா தெர்லா, கம்போங் ராஜா பக்கம் மேற்பார்வைப் பொறுப்பில் இருப்பவர்கள் கையைத் தூக்கினால் எண்ணிக்கொள்கிறேன். வேன் செலவுக்கு இருவர் முன்வந்திருக்கிறார்கள், பெயர் சொல்ல வேண்டாம் என்கிறார்கள். முதல் இரண்டு மாதம் நான் வருகிறேன், அப்புறம் உங்களில் ஒருவர் நடத்துங்கள்.

நான்கு கைதான் தெரிகிறது. பின்னால் ஒன்று பாதி தூக்கி நிற்கிறது, அதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஐந்து நாற்காலி எடுத்துப் போடச் சொல்கிறேன்.

லோரி வருகிறது.